மதுரைக்குப் போகாமல் பார்த்த வைத்தியம்

ராஜபாளையத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் நடந்துபோகிற தூரத்தில் டாக்டர் இருக்கிறார். ஸ்ரீவில்லிபுத்தூரிலும் அப்படித்தான். இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை உண்டு. சாயங்காலம் டோக்கன் போட்டுப் பார்க்கிற கிளினிக்குகளுக்கும் குறைவில்லை. இதய அடைப்பு, சிறுநீரகக் கோளாறு, புற்றுநோய், அடங்காத வலிப்பு என்று வரும்போதுதான் உள்ளூர் டாக்டர் சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, "மதுரைக்குக் கூட்டிட்டுப் போயிருங்க" என்பார். ராஜபாளையத்திலிருந்து மதுரை ஏறத்தாழ 85 கிலோமீட்டர். பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். துணைக்கு ஒரு ஆள் வர வேண்டும். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிற தறிக்காரருக்கோ, ஆலையில் ஷிப்ட் பார்க்கிறவருக்கோ அன்றைய கூலி போனது போனதுதான். விருதுநகர் மாவட்டத்துக்கென்று ஓர் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில்தான் திறந்தது. அதுவரை, அதாவது கொரோனாவின் முதல் இரண்டு அலைகளும் அடித்து ஓய்கிறவரை, பெரிய வைத்தியம் என்றால் பெரும்பாலும் மாவட்ட எல்லையைத் தாண்டியாக வேண்டும்.

இந்தத் தூரக் கணக்கை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. தொற்றுக்காலத்தில் தொலைமருத்துவத்தைப் பயன்படுத்திய நோயாளிகளுக்குத் திருப்தியா என்று கேட்ட ஆய்வுகள் உலகெங்கும் குவிந்தன. அவற்றில் பெரும்பாலானவை 'திருப்திதான்' என்றே முடிந்தன. நோயாளிகள் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. ஆனால் போனில் டாக்டரிடம் பேசிய ஒருவர் 'திருப்தி' என்று சொன்னால், அந்த அழைப்பு எந்தப் பயணத்துக்குப் பதிலாக வந்தது என்று கேட்டாக வேண்டும். அதைக் கேட்காத ஆய்வில் அந்தப் பதிலுக்குப் பொருள் மிகக் குறைவு. நடந்துபோகிற தூரத்து டாக்டருக்குப் பதிலாகப் பேசியதா, 85 கிலோமீட்டர் தள்ளியிருக்கிற நிபுணருக்குப் பதிலாகப் பேசியதா, யாரையுமே பார்க்க வழியில்லாத நிலையில் பேசியதா? மூன்றும் மூன்று வேறு அனுபவங்கள். மூன்றையும் ஒரே கட்டத்தில் 'டிக்' அடிக்க வைத்தால் கிடைக்கிற சராசரி யாருடைய அனுபவமும் ஆகாது.

தமிழ்நாட்டில் முதல் கொரோனா நோயாளி 2020 மார்ச் 7ஆம் தேதி உறுதியானார். முதல் மரணம் மார்ச் 25 அதிகாலை மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் நிகழ்ந்தது. நாடு தழுவிய ஊரடங்கு தொடங்கியதும் அன்றுதான். இந்திய மருத்துவ மன்றத்தின் இடத்தில் அப்போது இருந்த ஆளுநர் குழு, நிதி ஆயோக்கோடு சேர்ந்து தொலைமருத்துவ நடைமுறை நெறிகளை வெளியிட்டதும் அதே தேதியில். அதற்கு முன்னால் போனில் மருந்து சொல்வது சட்டத்தின் மங்கலான பகுதியில் கிடந்தது. 2018இல் மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியில் நடந்த ஒரு மரண வழக்கில், நேரில் பார்க்காமல் தொலைபேசியில் மருந்து சொன்ன விவகாரத்தில் பம்பாய் உயர் நீதிமன்றம் மருத்துவர்களுக்கு முன்ஜாமீன் மறுத்தது. அதற்குப் பிறகு பல டாக்டர்கள் போனை எடுக்கவே தயங்கினார்கள். 2020இன் நெறிகள் அந்தத் தயக்கத்துக்கு ஒரு வரம்பு கட்டின. பேச்சு, வீடியோ, எழுத்து மூன்றும் செல்லும் என்றன. நோயாளி தானாக அழைத்தால் அதுவே சம்மதம் என்றன.

அந்த நெறிகளில் என் வாதத்துக்கு நேரடியாகப் பயன்படுகிற ஒரு பிரிவு உண்டு. அது முதல் ஆலோசனையையும் தொடர் ஆலோசனையையும் தனித்தனியாகப் பிரிக்கிறது. அதே டாக்டரை அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்திருந்தால் அது தொடர் ஆலோசனை. அப்போது டாக்டர் எழுதக்கூடிய மருந்துகளின் பட்டியல் விரிகிறது. முதல்முறை அழைப்பவருக்கு, அதுவும் முகம் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டு, எழுதக்கூடிய மருந்துகள் மிகக் குறைவு. போதை, மனமயக்கப் பட்டியலில் உள்ள மருந்துகள் எந்த வகையிலும் கூடாது. முன்பே தொட்டுப் பார்த்த உடம்பும் பார்க்காத உடம்பும் ஒன்றல்ல என்பதைச் சட்டம் எழுதியவர்கள் உணர்ந்திருந்தார்கள். திருப்தியை அளந்தவர்களில் பலர் இதைக் கேள்வித்தாளில் சேர்க்கவில்லை.

2020 ஏப்ரல் 13இல் மத்திய அரசு இ-சஞ்சீவனி வெளிநோயாளர் சேவையைத் தொடங்கியது. மொகாலியில் உள்ள சி-டாக் நிறுவனம் உருவாக்கிய தளம் அது. கட்டணம் கிடையாது. செல்போன் எண்ணைப் போட்டால் ஓ.டி.பி. வரும். பிறகு விவரம் நிரப்பி டோக்கன் வாங்க வேண்டும். குறுஞ்செய்தி வந்ததும் உள்ளே நுழைந்து வரிசையில் காத்திருக்க வேண்டும். முறை வந்தால் அழைப்புப் பொத்தான் உயிர்பெறும், அதை அழுத்தினால் திரையில் டாக்டர். பேசி முடித்ததும் மருந்துச் சீட்டைத் தரவிறக்கிக்கொள்ளலாம். படிக்கும்போது எளிது. ஸ்மார்ட்போனைக் கையில் வைத்திருக்கும் மகன் வேலைக்குப் போய்விட்ட வீட்டில், ஓ.டி.பி. அவன் சட்டைப் பையில் இருக்கும் போனுக்குத்தான் போகும். அம்மா என்ன செய்வாள்? ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வு தமிழ்நாட்டுப் பெண்களில் இணையத்தை ஒருமுறையாவது பயன்படுத்தியவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு என்று காட்டியது. அந்த ஆய்வு நடந்ததும் தொற்றை ஒட்டிய அதே ஆண்டுகளில்தான்.

இருந்தும் தமிழ்நாடு இந்தச் சேவையை முந்திக்கொண்டு எடுத்தது. 2020 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒன்றரை லட்சம் ஆலோசனைகள் முடிந்திருந்தபோது தமிழ்நாட்டின் பங்கு 32,000ஐத் தாண்டியிருந்தது. மாநிலங்களில் அதுவே முதலிடம். நம் மக்களுக்குப் போனில் மருத்துவ யோசனை கேட்பது முற்றிலும் புதிதும் இல்லை. 104 உதவி எண் 2013 இறுதியிலேயே வந்துவிட்டது.

ஆனால் சிறு நகரங்களில் தொலைமருத்துவம் என்று உண்மையில் நடந்தது எது என்று பார்த்தால், பெரும்பகுதி அரசுத் தளத்தில் பதிவாகாதது. தெரிந்த டாக்டரின் எண்ணுக்கு ஒரு அழைப்பு, வாட்ஸ்அப்பில் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டின் படம், பதிலுக்கு வெள்ளைத் தாளில் எழுதிய சீட்டின் படம். அந்தப் படத்தைக் காட்டினால் மெடிக்கலில் மருந்து. கடைக்காரர் போனை வாங்கி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கி, கையெழுத்து புரியாமல் பக்கத்து ஆளிடம் காட்டி, கடைசியில் பழைய அட்டையைக் கேட்பார். "போன தடவை சாப்பிட்ட மாத்திரை அட்டை இருக்கா?" அட்டை இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. அட்டை இருக்கிறவர் என்றால் ஏற்கெனவே வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பவர். தொடர் நோயாளிக்குப் போன் போதுமாக இருந்ததற்கு அந்த அட்டையும் ஒரு காரணம்.

இப்போது சாலைக்கு வருவோம். 2020 ஜூன் மாதம் விருதுநகரும் மதுரையும் ஒரே போக்குவரத்து மண்டலத்தில் இருந்தன. அதனால் சில வாரங்கள் இரண்டுக்கும் இடையே பேருந்து ஓடியது. ஜூன் 24 முதல் மதுரையில் முழு ஊரடங்கு. அடுத்த நாளிலிருந்து மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் என்ற அனுமதிச்சீட்டு வேண்டும். ஜூலை 1 முதல் பேருந்துகள் நின்றன. இ-பாஸ் கட்டாயம் ஆகஸ்ட் இறுதிவரை நீடித்தது. மாவட்டங்களுக்கு இடையே பேருந்து மறுபடி ஓடத் தொடங்கியது செப்டம்பர் 7இல். இந்த இடைவெளியில் மதுரையில் தொடர் சிகிச்சையில் இருந்த ஒருவருக்கு, மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று நிபுணர் போனில் சொன்ன ஐந்து நிமிடம் என்ன மதிப்புடையது! அவர் 'மிகத் திருப்தி' என்று எழுதினால் அதில் ஒரு எழுத்துக்கூட மிகையில்லை. அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களும் அந்த மாதங்களில் சர்க்கரை, ரத்த அழுத்த நோயாளிகளுக்கு இரண்டு மாத மாத்திரையைச் சேர்த்துக் கொடுத்தன. மருந்து கையில் இருந்து, யோசனையும் போனில் கிடைத்தால், பயணம் தேவையில்லாமலே போனது.

தெருக்கோடி டாக்டரின் கதை வேறு. அவரிடம் போகிறவர் பல நேரம் ஒரு ஊசிக்காகப் போகிறார். 'ஊசி போட்டாத்தான் காய்ச்சல் விடும்' என்பது நம் பக்கத்தில் வேரோடிய நம்பிக்கை. மருத்துவ நியாயம் அதற்குக் குறைவு என்றாலும், வைத்தியம் நடந்தது என்கிற மனநிறைவை அந்த ஊசி கொடுத்தது. ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து 'மூச்சை இழுத்து விடு' என்பதும், நாக்கை நீட்டச் சொல்வதும், வயிற்றை அமுக்கிப் பார்ப்பதும் அதோடு சேர்ந்தவை. கைராசிக்காரர் என்று ஊர் பெயர் வைத்திருக்கிற டாக்டருக்குப் போனில் அந்தக் கை இல்லை. கட்டணத்திலும் சங்கடம் வந்தது. போனில் பேசியதற்குப் பணம் கேட்க டாக்டருக்குக் கூச்சம். கொடுக்க நோயாளிக்கு மனமில்லை, 'சும்மா பேசினதுக்கு எதுக்குக் காசு' என்பதே பொதுவான கணக்கு. ஊரடங்கு தளர்ந்ததும் கிளினிக் வாசலில் பழைய கூட்டம் திரும்பியது இதனால்தான். மதுரை நிபுணரோடு போனில் பேசியவருக்கு அப்படித் திரும்பிப் போக அவசரம் இருந்திருக்காது.

சரி, திருப்தியை எப்படி அளக்கிறார்கள்? பரவலாகப் பயன்படுவது 1994இல் மார்ஷலும் ஹேஸும் அமெரிக்காவின் ராண்ட் நிறுவனத்திலிருந்து வெளியிட்ட 18 கேள்விகள் கொண்ட படிவம். பொதுத் திருப்தி, மருத்துவத் தரம், டாக்டர் நடந்துகொள்ளும் விதம், பேச்சு, செலவு, ஒதுக்கிய நேரம், அணுகுவதில் எளிமை என்று ஏழு பக்கங்களை அது தொடுகிறது. தொலைமருத்துவத்துக்கென்றே 2003இல் ஹாங்காங்கில் சர்க்கரை நோயாளிகளை வைத்து 14 கேள்விகள் கொண்ட ஒரு படிவத்தை உருவாக்கினார்கள். நல்ல கருவிகள்தான். ஆனால் எந்தப் படிவமும் பதில் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் இடையே உள்ள உறவைத் தாண்டி வேலை செய்யாது. நம் ஊரில் டாக்டர் தரப்பிலிருந்து ஒருவர் போன் பண்ணி, "டாக்டர் பேசினது திருப்தியா இருந்துச்சாம்மா?" என்று கேட்டால் இல்லை என்று சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? நாளைக்கு மறுபடி அவரிடம்தானே போக வேண்டும்.

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டுமில்லை. 1998இல் பிரிட்டனில் வில்லியம்ஸ், கோய்ல், ஹீலி மூவரும் படிவத்தில் திருப்தி என்று குறித்த நோயாளிகளிடம் உட்கார்ந்து பேசிப் பார்த்தார்கள். மோசமான அனுபவம் பட்டவர்களும் திருப்தி என்றே குறித்திருந்தார்கள். அது டாக்டரின் கடமைக்குள் வராது, அல்லது அவர் மேல் தப்பில்லை என்று நோயாளியே நினைத்துக்கொண்டால் குறை படிவத்துக்கு வருவதில்லை. ஊரடங்கில் இந்த மன்னிப்பு எத்தனை மடங்கு பெருகியிருக்கும்! 'இந்தக் கொரோனா நேரத்துல போன எடுத்ததே பெரிசு' என்ற பேச்சு நம் எல்லோர் வீட்டிலும் கேட்டதுதான்.

மேரும் விட்டனும் 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் தொலைமருத்துவத் திருப்தி பற்றிய 32 ஆய்வுகளை அலசினார்கள். எல்லாவற்றிலும் திருப்தி உயர்வாகவே இருந்தது. ஆனால் பெரும்பாலானவை சிறு குழுக்களிடம் எளிய கேள்வித்தாள் நீட்டியவை. திருப்தி என்றால் என்ன என்று வரையறுத்தவை அரிது. சீட்டுக் குலுக்கிப் பிரித்து ஒப்பிட்ட ஆய்வு ஒன்றே ஒன்று. இந்தியாவிலும் 2016இல் அப்பல்லோவின் தொலைமருத்துவச் சேவையை வைத்து ஓர் ஆய்வு வந்தது. 71 நோயாளிகளில் சுமார் 80 விழுக்காட்டினர் திருப்தி என்றார்கள், டாக்டர்கள் அனைவருமே திருப்தி என்றார்கள். மீதி 20 விழுக்காட்டுக்காரர்களை எனக்குப் பார்க்க ஆசை. அவர்கள் எதற்காக அழைத்தார்கள்? பேசிய பிறகு எங்கே போனார்கள்? கற்றுக்கொள்ள வேண்டியது அவர்களிடம்தான் இருக்கிறது.

திருப்தியும் உடல்நலமும் ஒரே திசையில் போகும் என்று நம்புவதும் சரியில்லை. 2012இல் ஃபென்டனும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் 51,946 பேரின் விவரங்களை வைத்துப் பார்த்தார்கள். மிகத் திருப்தியாக இருந்தவர்களுக்கு மருந்துச் செலவும் மருத்துவமனைச் சேர்க்கையும் கூடுதல். இறக்கும் வாய்ப்பும், மிகக் குறைந்த திருப்தி காட்டியவர்களைவிட 26 விழுக்காடு கூடுதல். ஒன்றால் மற்றொன்று நேர்ந்தது என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது. அந்த ஆய்வை மறுத்தவர்களும் உண்டு. ஆனால் நோயாளி கேட்டதைக் கொடுத்தால் திருப்தி வரும், கேட்டதெல்லாம் நல்லதாக இருக்காது என்பது ஊசியும் ஆன்டிபயாட்டிக்கும் கேட்டு வாங்குகிற ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

தொற்றுக்கால ஆய்வுகளில் இன்னொரு ஓட்டை இருந்தது. வீடு வீடாகப் போக முடியாது, அதனால் பலர் கூகுள் படிவத்தை வாட்ஸ்அப்பில் சுற்றுக்கு விட்டார்கள். கல்லூரி மாணவர்களின் ஆய்வேடுகளில் இது ஏறக்குறைய விதியாகவே ஆகிவிட்டது. வேறு வழியும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அந்தப் படிவத்தை நிரப்பத் தெரிந்தவர் யார்? ஸ்மார்ட்போன், டேட்டா, படிப்பு மூன்றும் உள்ளவர். தொலைமருத்துவம் எளிதாக வாய்த்தவரும் அவரேதான். ஸ்ரீவில்லிபுத்தூரை அடுத்த செண்பகத்தோப்பில் வாழும் பளியர் பழங்குடிக் குடும்பம் அந்தப் படிவத்தை எங்கே பார்த்திருக்கும்? அழைக்க முடியாமல் போனவர், பாதியில் லைன் அறுந்து விட்டுவிட்டவர், ஓ.டி.பி.யிலேயே நின்றுபோனவர் எவரும் 'திருப்தி இல்லை' என்ற கட்டத்தில்கூட இல்லை. அவர்கள் கணக்கிலேயே வரவில்லை.

கணக்கில் வந்த பெண்களிடமும் ஒரு கேள்வி கேட்கப்படாமல் இருந்தது: பேசும்போது பக்கத்தில் யார் இருந்தார்கள்? ஊரடங்கில் வீட்டில் எல்லோரும் இருந்தார்கள். ஒற்றை அறையில் போனை ஸ்பீக்கரில் போட்டு, கணவரோ மாமியாரோ பேசி, நோயாளி நடுவில் 'ஆமா' சொல்லி முடிகிற ஆலோசனையில் வெள்ளைப்படுதலையோ, தள்ளிப்போன மாதவிலக்கையோ, தூக்கம் வராமல் அழுவதையோ அவள் எப்படிச் சொல்வாள்? கிளினிக்கில் திரை ஒன்றாவது உண்டு. 'நீங்க கொஞ்சம் வெளிய இருங்க' என்று துணைக்கு வந்தவரை அனுப்ப டாக்டரால் முடியும். பஞ்சாலை விடுதிகளில் தங்கியிருக்கும் இளம்பெண்களுக்குப் போன் கையில் கிடைக்கிற நேரமே கட்டுக்குள் இருப்பது. இந்த அழைப்புகளை 'வசதி' என்ற தலைப்பில் மதிப்பெண் போடச் சொல்வது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

தொலைமருத்துவமே இவர்களுக்கு ஒத்துவராது என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். தென் தமிழ்நாட்டிலேயே வேறு வழி வெகுநாளாக நடந்துவந்திருக்கிறது. 1976இல் மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 2004 முதல் சிறு ஊர்களில் பார்வை மையங்களைத் திறந்தது. மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார். பயிற்சி பெற்ற பெண் ஒருவர் கருவியில் கண்ணைப் பரிசோதித்து, படமெடுத்து, விவரத்தை அனுப்புவார். நகரத்து டாக்டர் திரையில் வந்து நோயாளியிடம் பேசுவார். தேனிப் பக்கத்தில் தொடக்கத்தில் இதற்குத் தொலைதூர வைஃபை இணைப்பைக் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அமைத்துக் கொடுத்தார்கள். சென்னையின் ஸ்கார்ஃப் என்ற மனநல அமைப்பு 2010இல் புதுக்கோட்டைக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை ஓட்டியது. நோயாளி பேருந்துக்குள் உட்கார்ந்து சென்னையில் இருக்கும் மனநல மருத்துவரிடம் பேசுவார், மாத்திரையை அந்தப் பேருந்திலேயே இலவசமாக வாங்கிக்கொள்வார். இரண்டிலும் நோயாளியிடம் ஓ.டி.பி. கேட்பதில்லை. அவர் பக்கத்தில் தெரிந்த முகம் ஒன்று இருக்கிறது, கருவி இருக்கிறது, மருந்து இருக்கிறது. வீட்டார் காதில் விழாத இடமும் இருக்கிறது.

தொற்று அடங்கிய பிறகு இ-சஞ்சீவனியும் இந்தப் பக்கமே சாய்ந்தது. 2023 பிப்ரவரியில் அது 10 கோடி ஆலோசனைகளைத் தொட்டது. பயனடைந்தவர்களில் 57 விழுக்காட்டுக்கு மேல் பெண்கள், சுமார் 12 விழுக்காடு முதியவர்கள் என்றது மத்திய அரசு. அந்த ஆலோசனைகளில் மிகப் பெரும்பகுதி நோயாளி வீட்டிலிருந்து தானாக அழைத்தவை இல்லை. துணை சுகாதார நிலையத்தில் செவிலியரோ சுகாதார ஊழியரோ பக்கத்தில் இருந்து இணைத்துக் கொடுத்தவை. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் ரத்த அழுத்தக் கருவியையும் மாத்திரையையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. வாசலில் எடுத்த அளவோடு மதுரையிலோ விருதுநகரிலோ உள்ள நிபுணரின் அழைப்பும் சேர்ந்தால், இவ்விரு ஊர்களின் வழக்கமான மதுரைப் பயணங்களில் கணிசமானவை குறையும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதைச் சோதிக்க இந்த இரண்டு ஊர்களைவிடப் பொருத்தமான இடம் எளிதில் கிடைக்காது. சுமார் 12 கிலோமீட்டர் இடைவெளியில், ஒன்று ஆலை நகரம், ஒன்று கோயிலும் நீதிமன்றமும் உள்ள ஊர். இரண்டுக்கும் ஒரே மதுரைச் சாலை, இரண்டுக்கும் பின்னால் ஒரே மலை. ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நோயாளிகளின் திருப்தியை ஆராயப் போகும் மாணவர்கள் மார்ஷல், ஹேஸ் படிவத்தின் 18 கேள்விகளோடு இன்னும் சிலவற்றைச் சேர்த்துக்கொள்ளட்டும். போன் இல்லையென்றால் அன்று எங்கே போயிருப்பீர்கள்? அந்த டாக்டர் உங்களை முன்பு தொட்டுப் பார்த்திருக்கிறாரா? யாருடைய போன்? பேசும்போது பக்கத்தில் யார்? சொல்ல நினைத்துச் சொல்லாமல் விட்டது உண்டா? எழுதிக் கொடுத்த மருந்து உள்ளூர் மெடிக்கலில் கிடைத்ததா? அதே தொல்லைக்காகப் பத்து நாளுக்குள் நேரில் போய் யாரையாவது பார்த்தீர்களா? இந்தக் கேள்விகளைப் படிவமாக அனுப்பாமல், வெள்ளைக் கோட்டுப் போடாத ஒருவர், கிளினிக்குக்கு வெளியே, அழைக்க முடியாமல் போனவர்களின் வீட்டிலிருந்து தொடங்கிக் கேட்க வேண்டும்.